கடல் கடந்த அன்னபூரணி

நயினை நாகபூஷணி அம்பாளைத் தரிசிக்கவெனக் குறிகட்டுவானில் இயந்திர வள்ளம் ஏறும் இளைஞராகிய எமக்குக் கடற்பயணம் சிறுபொழுதுக் காரியமே. ஆயின், எம் முன்னோர் காலத்தில் ஊர்காவற்றுறையிலும் காரைநகரிலும் வல்வெட்டித்துறையிலும் பாய்மரங்கள் ஓங்கி நின்றன. சோளகம் எழுந்ததும் கப்பல்கள் பர்மாவை நோக்கிப் புறப்படும்; வாடை பிறந்ததும் அரிசி மூட்டைகளுடன் திரும்பும். காற்றே அவர்களுக்குப் பஞ்சாங்கமாயிருந்தது.

இத்தகைய கப்பல்களுள் உலகறிந்தது "அன்னபூரணி". வல்வெட்டித்துறையில் வேப்பமரத்தாற் கட்டப்பட்ட இதன் நீளம் 89 அடி, பாய்மரங்கள் இரண்டு. கப்பலின் நீளவாட்டத்திற் பாய்கட்டிய கலத்தை மேனாட்டார் ஸ்கூனர் என்பர். அன்னபூரணியோ குறுக்கே சதுரப் பாய்களையும் விரிப்பது.

1928 முதல் 1931 வரை "ஸ்வாப்" என்னும் சிறு பாய்க்கலத்தில் உலகை வலம்வந்த அமெரிக்கர் வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன், அன்னபூரணியை விரும்பி விலைக்கு வாங்கினார், தம் மனைவியார் பெயரால் "புளோரன்ஸ் சி. ராபின்சன்" என மாற்றுப் பெயரும் இட்டார். 1937இல் தாய்க்கரையை நீங்கிய அக்கப்பல், ஏடன், சுயஸ், ஜிப்ரால்டர், பெர்முடா வழியாக 1938 ஆகஸ்ட் 1ஆந் திகதி அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தை அடைந்தது. தண்டையல் கனகரத்தினம் தம்பிப்பிள்ளையும் வல்வை மாலுமிகளும் அதிற் சென்றனர்.

குளொஸ்டர் சாதாரணத் துறையன்று. 1713இல் முதலாவது ஸ்கூனரை ஆண்ட்ரூ ராபின்சன் என்பார் அங்கேதான் கட்டினாரென்பது அவ்வூர் மரபு. கப்பற் கலையிற் பேர்போன அவ்வூரிலே எம்மவர் கட்டிய வேப்பமரக் கப்பல் நங்கூரம் பாய்ச்சி நின்றது பெருமையன்றோ!

அப்பெருமை நிலைக்கவில்லை. நீராவிக் கப்பல்களின் போட்டி முன்னரே தொடங்கியிருந்தது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைக் கைப்பற்றவே அரிசி வாணிபமும் தடைப்பட்டது. பின்னர் நிலவழிப் போக்குவரத்துப் பெருகியது. ஈற்றில் 2009வரை நீடித்த போர் கடலையே மூடிவைத்தது. பெரிய பாய்க்கப்பல் கட்டும் தொழில் எம் கரைகளில் அருகியது.

மிஷன் பாடசாலையிற் கல்வி பயின்ற நாம் கொலம்பஸ், வாஸ்கோ ட காமா ஆகியோரின் பயணங்களை ஆண்டுகளுடன் மனனஞ் செய்தோம். அக்கல்வியை நாம் பழிக்கவில்லை. அதுவே எமக்குத் தேடிப் படிக்கும் பழக்கத்தைத் தந்தது. ஆயினும், தம்பிப்பிள்ளை என்ற தண்டையலின் பெயரைப் பரீட்சைக்காக ஒருநாளேனும் நாம் எழுதியதில்லை. அன்னபூரணியின் பெயரை மாற்றியவர் அந்நியர்; அதனை மறந்தவர் நாமே.

மடத்துவெளிப் பெரியோர்களே! பாய், கயிறு, காற்று, நட்சத்திரம் பற்றி நீங்கள் கேட்டறிந்தவற்றை எமக்குச் சொல்லுங்கள். இளைஞர்களே! இவ்வாண்டு வீட்டுக்கொரு கொப்பி எடுத்து அவற்றை எழுதிவைப்போம். சொல்வோர் இருக்கும்போதே கேட்பது எம் கடனாகும்.