பாக் விரிகுடாவும் வானிலிருந்து வந்த கடற்கணக்கும்

கோட்டைப்பட்டினம், புதுக்கோட்டை மாவட்டத்தின் மணமேல்குடி வட்டத்தில் பாக் விரிகுடாவை ஒட்டி அமைந்த மீன்பிடித் துறை. எதிரேயுள்ள கடல் பெரும்பாலும் 15 மீட்டருக்கு மிகாத ஆழமுடையது. ஆதலால் காற்று வலுத்தவுடனேயே அடிச்சேறு மேலெழுந்து நீர் கலங்கிவிடும். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றைத் திசைவாரியாகப் பெயரிட்டு அதைக்கொண்டே கடலைக் கணித்துவந்த தமிழ்க் கரைகளுக்கு, 20ஆம் நூற்றாண்டின் இறுதியில் செயற்கைக்கோளும் கணினியும் துணைக்கு வந்தன.

அதன் தொடக்கத் தடங்களுள் ஒன்று புதுச்சேரியில் விழுந்தது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் தொடங்கிய தகவல் கிராமத் திட்டத்தின்கீழ், அமெரிக்கக் கடற்படை இணையத்தில் வெளியிட்ட அலை உயர முன்கணிப்பு இறக்கப்பட்டு, தமிழில் எழுதப்பட்டு, வீராம்பட்டினத்தில் ஒலிபெருக்கி வழியே அறிவிக்கப்பட்டது. கணினியைத் தொட்டிராத மீனவருக்கும் கணினியின் பயனைக் கொண்டுசேர்த்தது அந்த ஒலிபெருக்கியே.  2004 அக்டோபரில் இஸ்ரோவுடன் இணைந்து அந்நிறுவனம் கிராம வள மையங்களைத் தொடங்கியபோது, ஒரே செயற்கைக்கோள் இணைப்பின் வழியாக மீனவருக்கான கடல் தகவலும் வேளாண் ஆலோசனையும் தொலைமருத்துவமும், அதாவது தொலைவிலிருக்கும் மருத்துவர் திரைவழியே நோயாளியைப் பார்த்து ஆலோசனை கூறும் முறையும், ஒரே கூரையின்கீழ் வந்தன.

கடலும் உடல்நலமும் ஓர் அறையைப் பகிர்ந்துகொண்டதோடு நிற்கவில்லை, தரவையும் பகிர்ந்துகொண்டன. 1999இல் ஐதராபாத்தில் நிறுவப்பட்ட இந்திய தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடற்பரப்பின் வெப்பநிலையையும், மிதவை நுண்பாசிகளின் பச்சையமான குளோரோபில்லின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் கணித்து, மீன் கூடக்கூடிய பகுதிகளை அறிவிக்கிறது. காலராக் கிருமி கடலில் மிதவை நுண்ணுயிரிகளை ஒட்டி வாழ்வது என்று நிறுவிய ரீட்டா கோல்வெல் குழுவினர், வங்கக் கரையின் காலராப் பரவலைக் கடற்பரப்பு வெப்பநிலையோடும் கடல்மட்ட உயரத்தோடும் ஒப்பிட்டு 2000இல் ஆய்வு வெளியிட்டனர். வலைக்குத் திசை காட்டும் வெப்ப அளவு, நோய்க்கும் முன்னறிவிப்பாகலாம் என்பது இதனால் தெளிந்தது. தமிழகத்துக்கு இது அந்நியச் செய்தியன்று: ஓ139 என்னும் புதிய காலரா வகை 1992இல் முதன்முதலில் வெளிப்பட்ட இடங்களுள் சென்னையும் ஒன்று. அதே குழுவினர் வங்கதேசத்தின் மத்லபில், பழைய புடவையை நான்கு மடிப்புக்குக் குறையாமல் மடித்து நீரை வடிகட்டச் செய்து, காலராவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக்காட்டினர். ஆய்வின் மிக மலிவான கருவி அதுவே.

எனினும் கோட்டைப்பட்டினத்துக் கடலில் செயற்கைக்கோளின் பச்சையக் கணக்கு எளிதில் பிடிபடுவதில்லை. ஆழ்கடலில் நீரின் நிறம் பெரும்பாலும் பாசியைக் காட்டும். பாக் விரிகுடாவிலோ மிதக்கும் சேறும், தெளிந்த நாளில் அடித்தரையின் கடற்புற்படுகையும் ஒளியைத் திருப்பி அனுப்புவதால், செயற்கைக்கோள் குளோரோபில்லை மிகையாகக் கணித்துவிடக்கூடும். ஆகவே ஆழமற்ற இத்தகைய கடல்களில் காற்று, அலை முன்கணிப்புகளின் அளவுக்கு நிறக் கணக்கை நம்ப இயலாது. படகிலிருந்து முகந்த நீரை ஆய்வகத்தில் வடிகட்டி, அதில் சிக்கிய பச்சையத்தை அளந்து, திரையில் தெரியும் எண்ணோடு ஒத்துப்பார்ப்பதே இன்றும் வழக்கம்.