வெங்கடசாமி, கோவிந்தப்பா (1918–2006)

கோவிந்தப்பா வெங்கடசாமி தமிழகத்தின் முன்னோடிக் கண் மருத்துவர்களுள் ஒருவர். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் நிறுவனர். மருத்துவ உலகில் ‘டாக்டர் வி’ என்று அறியப்பட்டவர். இருபது ஆண்டு அரசு மருத்துவமனையிலும், ஓய்வுக்குப் பின் ஏறத்தாழ முப்பது ஆண்டு தாம் தொடங்கிய மருத்துவமனையிலும் பணியாற்றினார். கண்புரையால் பார்வை இழந்த ஏழைகளுக்கு மீண்டும் பார்வை கிடைக்கச் செய்வதையே வாழ்நாள் வேலையாகக் கொண்டார். அவர் கையால் நடந்த கண் அறுவை சிகிச்சைகள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. தம்பி, தங்கை, அவர்களுடைய கணவன், மனைவி, பிள்ளைகள், சம்பந்திவழி உறவினர் என்று பெருங்கூட்டத்தையே தம் பணிக்குள் கொண்டுவந்தார். எனவே அவருடைய பொதுத்தொண்டின் வரலாற்றை அவர் குடும்பத்தின் வரலாற்றிலிருந்து பிரித்து எழுத முடியாது. இன்று அவரை நினைவுகூர்பவர்களில் முதல் வரிசையில் இருப்பவர்களும் அந்த உறவினர்களே.

பிறப்பும் படிப்பும்

1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரத்தை அடுத்த அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். அன்று திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்த அந்தக் கரிசல் கிராமம் இன்று தூத்துக்குடி மாவட்டத்தில் உள்ளது. ஐந்து பிள்ளைகளில் அவரே மூத்தவர். ஜானகி, நல்லகிருஷ்ணன், சீனிவாசன், நாச்சியார் என்போர் அவருக்கு இளையவர்கள். ஊர்ப் பள்ளியில் தாளும் பென்சிலும் கிடையா. ஆற்று மணலைக் கொண்டுவந்து பரப்பி அதில் விரலால் எழுதியே பிள்ளைகள் எழுத்துப் பழகினர்.

அவருக்குப் பத்து வயது ஆவதற்குள், உறவுக்காரப் பெண்கள் மூவர் பேறுகாலத்தில் அடுத்தடுத்து இறந்தனர். ஊரில் மருத்துவர் இல்லை. டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே விழுந்தது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்து 1938-இல் பட்டம் பெற்றார். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் 1944-இல் மருத்துவப் படிப்பை முடித்தார். மகப்பேறு மருத்துவராவதே அவருடைய விருப்பமாக இருந்தது.

முடக்குவாதமும் புதிய துறையும்

படிப்பு முடிந்ததும் இந்தியப் படையின் மருத்துவப் பிரிவில் சேர்ந்தார். பணியில் இருக்கும்போதே கடுமையான முடக்குவாதம் அவரைத் தாக்கியது. மூட்டுகள் வீங்கின, விரல்கள் கோணிக்கொண்டன. நீண்ட காலம் படுத்த படுக்கையாக இருந்தார். பேனாவைப் பிடிப்பதே பெரும்பாடாக இருந்த நிலையில் 1948-இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டார். மணிக்கணக்கில் நின்று பிரசவம் பார்க்கும் துறை இனி ஒத்துவராது என்பது தெளிவாயிற்று. நண்பர்களின் ஊக்கத்தால் கண் மருத்துவத்தின் பக்கம் திரும்பினார். சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் பயின்று 1951-இல் முதுநிலைப் பட்டம் பெற்றார்.

கோணிய விரல்களுடன் கண்ணில் கத்தி வைப்பது எளிதன்று. கண்ணறுவையில் கை ஒரு நூலளவு பிசகினாலும் பார்வை போய்விடும். அவர் தம் விரல் வளைவுக்குத் தோதான பிடியில் கருவிகளை அமைத்துக்கொண்டார். கத்தியைப் பிடிக்கவும் திருப்பவும் கையைப் புதிதாகப் பழக்கினார். பின்னாளில் ஒரே நாளில் நூறு கண்களுக்கு அறுவை செய்யும் அளவுக்கு அந்தக் கை தேர்ந்தது. நோய் மட்டும் கடைசிவரை அவரை விடவில்லை.

அரசுப் பணியும் கண் முகாம்களும்

1956-இல் மதுரை மருத்துவக் கல்லூரியின் கண் மருத்துவத் துறைக்குத் தலைவரானார். அன்று எர்ஸ்கின் மருத்துவமனை என்று வழங்கி, இன்று அரசு இராசாசி மருத்துவமனை என்று பெயர்பெற்றுள்ள இடத்தில் இருபது ஆண்டு பணியாற்றினார். கண்புரைக்கு மருந்து கிடையாது, அறுவை ஒன்றே வழி என்பதும், பார்வை மங்கிய கிராமத்து முதியவர் நகரத்துக்கு வரமாட்டார் என்பதும் அந்தப் பணியில் அவர் நேரில் கண்டவை. அதனால் 1960-களில் கண் முகாம்கள் வழியாக மருத்துவத்தையே ஊர்களுக்குக் கொண்டுபோனார்.

பள்ளிக்கூடமும் பொதுக் கட்டடங்களும் முகாமுக்கு இடம் தந்தன. வகுப்பறையைக் கழுவித் துடைத்து அறுவை அரங்கமாக்கினர். அறுவை முடிந்தவர்கள் கண்கட்டோடு பாயில் வரிசையாகப் படுத்திருந்தனர். அந்தக் காலத்து முறையில் புரை விழுந்த லென்ஸ் முழுவதையும் எடுத்துவிடுவார்கள். அதற்கு ஈடாக நோயாளி வாழ்நாள் முழுவதும் தடித்த ‘சோடாபுட்டி’ கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். கண்ணாடி உடைந்தாலோ தொலைந்தாலோ மீண்டும் குருட்டுநிலைதான்.

கண்புரையோடு அவர் நிற்கவில்லை. வைட்டமின் ஏ குறைவால் குழந்தைகளின் கண் கெடுவதைத் தடுக்க மதுரையில் ஊட்டச்சத்து மறுவாழ்வு மையம் அமையவும், பார்வை திரும்பாதவர்களுக்கான மறுவாழ்வுப் பயிற்சிக்கும் உழைத்தார். 1973-இல் நடுவண் அரசு பத்மஸ்ரீ விருது வழங்கியது.

தந்தை இறந்தபின் குடும்பப் பொறுப்பு மூத்த மகன் தலையில் விழுந்தது. தம்பி தங்கைகளின் படிப்பையும் திருமணத்தையும் அவரே பார்த்தார். கடைக்குட்டி நாச்சியாருக்கும் அவருக்கும் இருபது வயதுக்கும் மேல் இடைவெளி. அண்ணன் என்ற பெயரில் அவர் தந்தையாகவே இருந்தார். நாச்சியாரும் அவர் கணவர் பெ. நம்பெருமாள்சாமியும் கண் மருத்துவம் படித்தனர். முகாம்களில் அண்ணனோடு பணியாற்றினர். அமெரிக்காவில் மேற்பயிற்சியும் பெற்றனர்.

பதினொரு படுக்கைகள்

1976-இல் அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். அதே ஆண்டில் ‘கோவல்’ என்ற அறக்கட்டளையை நிறுவி, மதுரை அண்ணா நகரில் ஒரு வீட்டில் 11 படுக்கைகளுடன் மருத்துவமனையைத் தொடங்கினார். கட்டண நோயாளிகளிடம் பெறும் பணத்தில் இலவச நோயாளிகளைப் பார்ப்பது என்பதுதான் முதல் நாளிலிருந்தே கணக்கு. புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமத்தோடு அவருக்கு நெடுநாள் ஈடுபாடு உண்டு. எனவே மருத்துவமனைக்கு அரவிந்தர் பெயர் அமைந்தது.

ஓய்வு பெற்ற, நோயுற்ற ஒருவரின் இத்தகைய திட்டத்துக்கு வங்கிகள் கடன் தர முன்வரவில்லை. வீடு அடமானம் போனது. வீட்டுப் பெண்களின் நகைகள் அடகுக்குப் போயின. கட்டுமானத் தொழில் தெரிந்த தம்பி சீனிவாசன் கட்டடப் பொறுப்பையும் வரவு செலவையும் ஏற்றார். நாச்சியாரும் நம்பெருமாள்சாமியும் அறுவை அரங்குக்குள் நின்றனர். நம்பெருமாள்சாமியின் தங்கை விஜயலட்சுமியும் அவர் கணவர் எம். சீனிவாசனும் தொடக்ககால மருத்துவர்களாகச் சேர்ந்தனர். உறவினர் ரா. து. துளசிராஜ் 1981-இல் சேர்ந்து நிர்வாகத்தை ஒழுங்குபடுத்தினார். அண்ணன் கூப்பிட்டபோது மறுத்துச் சொல்ல முடியாத உறவுமுறைதான் அந்த மருத்துவமனைக்குக் கிடைத்த முதல் மூலதனம்.

1978-இல் இலவச நோயாளிகளுக்கெனத் தனி மருத்துவமனை வந்தது. 1981-இல் அண்ணா நகரில் பெரிய கட்டடம் எழுந்தது. பின்னர் தேனி, திருநெல்வேலி (1988), கோயம்புத்தூர் (1997), புதுச்சேரி (2003) எனக் கிளைகள் பரவின.

பணிமுறை

பெரிய எண்ணிக்கையில் அறுவை செய்யவேண்டுமானால் மருத்துவரின் நேரம் வீணாகக் கூடாது என்பது அவர் கண்ட அடிப்படை. அரவிந்த் அரங்கில் ஓர் அறுவை மருத்துவருக்கு இரண்டு மேசைகள். ஒன்றில் அறுவை நடக்கும்போதே மறு மேசையில் அடுத்த நோயாளியைப் படுக்கவைத்து, கண்ணைக் கழுவி, கருவிகளை அடுக்கிச் செவிலியர் ஆயத்தமாக வைத்திருப்பார். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியின் கையை அப்படியே மறுபக்கம் திருப்பி அடுத்த கண்ணைத் தொடங்கிவிடுவார். இதனால் ஒரு மருத்துவர் ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 அறுவைகள் செய்ய முடிந்தது. இது நாட்டுச் சராசரியைப்போலப் பல மடங்கு.

இந்த முறையைத் தாங்கி நிற்பவர்கள் கிராமத்துப் பெண்கள். பள்ளிப் படிப்பை முடித்த பெண்களைத் தேர்ந்தெடுத்து, இரண்டு ஆண்டு பயிற்சி தந்து, பார்வை அளத்தல், கண் அழுத்தம் பார்த்தல், அரங்கில் துணைநிற்றல், நோயாளிக்கு விளக்கிச் சொல்லுதல் ஆகிய வேலைகளை அவர்களிடம் ஒப்படைத்தனர். இந்தப் பயிற்சியைக் கட்டி வளர்த்ததில் நாச்சியாரின் பங்கு பெரிது.

அமெரிக்காவில் மெக்டொனால்ட்ஸ் கடைகளைக் கண்ட வெங்கடசாமி, எந்த ஊர்க் கிளைக்குப் போனாலும் ஒரே தரத்தில் பொருள் கிடைக்கும்படி ஆட்களைப் பழக்கும் அந்த முறையைக் கண் மருத்துவத்திலும் செய்துகாட்ட முடியும் என்று சொல்லிவந்தார். 1993-இல் ஹார்வர்டு வணிகப் பள்ளி பேராசிரியர் வி. கஸ்தூரி ரங்கன் அரவிந்தைப் பற்றி எழுதிய ஆய்வு பல நாட்டு மேலாண்மை வகுப்புகளில் பாடமானது.

இலவசம் என்று அறிவித்ததும் எல்லோரும் வந்துவிடவில்லை. முகாமில் அறுவை வேண்டும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் பலர் மருத்துவமனைப் பக்கமே வரவில்லை. பேருந்துக் காசு, சாப்பாடு, துணைக்கு வருபவரின் கூலி இழப்பு, கண்ணில் கத்தி படுமே என்ற பயம் என்று காரணங்கள் பல இருந்தன. அதன் பிறகு முகாமிலிருந்தே பேருந்தில் ஏற்றிவந்து, தங்க இடமும் உணவும் தந்து, அறுவை முடித்து ஊரிலேயே கொண்டுபோய் இறக்கிவிடும் வழக்கம் வந்தது. ஊரார் கூட்டமாக வருவதால் பயமும் குறைந்தது. கட்டணப் பிரிவா இலவசப் பிரிவா என்பதை நோயாளியே தீர்மானிக்கலாம். வறுமைக்குச் சான்றிதழ் கேட்பதில்லை. மருத்துவர்கள் இரண்டு பிரிவுகளிலும் மாறிமாறிப் பணியாற்றுகின்றனர்.

ஆரோலேப்

1980-களில் புரையை எடுத்த இடத்தில் செயற்கை லென்ஸ் பொருத்தும் முறை பரவியது. சோடாபுட்டிக் கண்ணாடி தேவையற்றுப் போனது. ஆனால் இறக்குமதி லென்ஸின் விலை ஏழைக்கு எட்டாததாக இருந்தது. பணம் உள்ளவருக்கு லென்ஸ், இல்லாதவருக்குக் கண்ணாடி என்ற பிரிவினையை வெங்கடசாமியால் ஏற்க முடியவில்லை. அமெரிக்க சேவா அறக்கட்டளை, சமூகத் தொழில்முனைவர் டேவிட் கிரீன் ஆகியோரின் துணையுடன் 1992-இல் மதுரையில் ஆரோலேப் உற்பத்திக் கூடம் அமைந்தது. நூறு டாலர் அளவில் இருந்த லென்ஸ் அங்கே பத்து டாலர் அளவுக்கும், பின்னர் அதற்கும் கீழே இறங்கியது. இன்று ஆரோலேப் பொருள்கள் 100-க்கும் மேற்பட்ட நாடுகளுக்குச் செல்கின்றன.

குடும்பத்துக்குள் அவர்

அண்ணனின் பாசத்தோடு கண்டிப்பும் கூடவே இருந்தது. தாம் உழைப்பதுபோல் எல்லோரும் உழைக்கவேண்டும் என்று எதிர்பார்த்தார். தொடக்க ஆண்டுகளில் உறவினர்கள் வெளியே கிடைக்கக்கூடிய வருமானத்தை விட்டுவிட்டு, குறைந்த சம்பளத்தில், நாள் கிழமை பாராமல் பணியாற்றினர். சின்னக் குழந்தைகளை வைத்துக்கொண்டிருந்த இளம் மருத்துவர்களுக்கு அது எளிய காலமாக இருக்கவில்லை. குடும்பத்துக்கு வெளியிலிருந்து வந்த மருத்துவர்களிடமும் அதே உழைப்பை எதிர்பார்த்ததால், பயிற்சி முடிந்ததும் தனியார் மருத்துவமனைகளுக்குச் சென்றவர்கள் உண்டு. வெங்கடசாமி இந்த இழப்பைத் தடுக்க முனையவில்லை. எங்கே போனாலும் கண்தானே பார்க்கப்போகிறார்கள் என்ற நோக்கிலேயே பயிற்சியை விரிவுபடுத்தினார்.

அரவிந்தர் நூல்களைக் கூடியிருந்து படிப்பதும், மருத்துவமனை முடிவுகளை வீட்டில் வைத்துப் பேசுவதும் அந்தக் குடும்பத்தின் வழக்கங்கள். அடுத்தடுத்த தலைமுறைப் பிள்ளைகள் அந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தனர். அவர்களில் பலர் கண் மருத்துவரானார்கள்.

மறைவும் நினைவும்

2006 ஜூலை 7 அன்று மதுரையில் காலமானார், வயது 87. அவருக்குப் பின் நம்பெருமாள்சாமி தலைமை ஏற்றார். நம்பெருமாள்சாமிக்கு 2007-இல் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. 2010-இல் டைம் இதழின் செல்வாக்குமிக்க நூறு பேர் பட்டியலில் அவர் இடம்பெற்றார். மருத்துவமனை 2008-இல் கேட்ஸ் உலக நலவாழ்வு விருதையும், 2010-இல் கான்ராட் ஹில்டன் மனிதநேய விருதையும் பெற்றது. வெங்கடசாமியின் நூற்றாண்டான 2018 அக்டோபர் 1 அன்று கூகுள் தன் முகப்பில் அவர் உருவத்தை வரைந்து சிறப்பித்தது. மதுரையில் அவர் பெயரால் கண் ஆராய்ச்சி நிலையம் இயங்குகிறது.

அவரைப் பற்றி விரிவாக எழுதப்பட்ட நூல் குடும்பத்திலிருந்தே வந்தது. பேத்தி முறையுள்ள பவித்ரா மேத்தா முதலில் ஆவணப்படம் எடுத்தார். பிறகு சுசித்ரா ஷெனாயுடன் சேர்ந்து ‘இன்ஃபினிட் விஷன்’ என்ற நூலை 2011-இல் வெளியிட்டார். தாத்தாவைப் பக்கத்திலிருந்து பார்த்த பேத்தியின் அன்பும், நிறுவனம் எப்படி நடக்கிறது என்று விசாரிக்கும் செய்தியாளரின் கண்ணும் அதில் சேர்ந்தே உள்ளன.

குடும்பத்தை நம்பி எழுந்த நிறுவனம் குடும்பத்தோடு முடிந்துவிடுமா என்ற கேள்வி அவர் இருந்த காலத்திலேயே எழுந்ததுண்டு. அதற்கு அவர் கண்ட விடை 1992-இல் தொடங்கிய லைக்கோ பயிற்சி நிறுவனம். அரிமா சங்க ஆதரவுடன் அமைந்த அந்நிறுவனத்தில், அரவிந்தின் கணக்கு முறை, முகாம் முறை, அரங்க முறை எதுவும் ரகசியமாக வைக்கப்படவில்லை. கேட்டு வந்தவர்களுக்கெல்லாம் கற்பிக்கப்பட்டது. இந்தியாவிலும் ஆசிய, ஆப்பிரிக்க, இலத்தீன் அமெரிக்க நாடுகளிலுமாக 300-க்கும் மேற்பட்ட கண் மருத்துவமனைகள் அங்கே பயின்ற முறைகளைத் தமக்கேற்ப மாற்றிக் கையாளுகின்றன. அண்ணன் சொல்லைத் தட்டமுடியாமல் நகையைக் கழற்றித் தந்த ஒரு குடும்பம் உருவாக்கிய ஏற்பாடு, அவரை நேரில் பார்த்திராத மருத்துவர்களின் அன்றாட வேலைமுறையாகிவிட்டது.