'ரெஸ்பெக்டிவ்லி': ஒரு வரிசைச் சொல்லின் வரலாறும் அதன் இலக்கணமும்

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 79ஆம் உறுப்பு நாடாளுமன்றத்தை வரையறுக்கிறது. குடியரசுத் தலைவரும் இரண்டு அவைகளும் சேர்ந்தது நாடாளுமன்றம் என்றும், அவ்விரு அவைகளும் 'ரெஸ்பெக்டிவ்லி' மாநிலங்களவை, மக்களவை என அழைக்கப்படும் என்றும் அதன் ஆங்கில மூலம் கூறுகிறது. மாநிலச் சட்டமன்றங்களைப் பற்றிய 168ஆம் உறுப்பிலும் இதே சூழல் உண்டு. அங்கோ, இரண்டு அவைகள் உள்ள மாநிலத்தில் ஒன்று மேலவை என்றும் மற்றது பேரவை என்றும் அழைக்கப்படும் என்று எழுதப்பட்டிருக்கிறது. 'ரெஸ்பெக்டிவ்லி' இல்லை.

இவ்விரு உறுப்புகளுக்கும் முன்வடிவமாக அமைந்தது 1935ஆம் ஆண்டின் இந்திய அரசுச் சட்டம். அதன் 18ஆம் பிரிவு கூட்டாட்சியின் இரு அவைகளுக்கும், 60ஆம் பிரிவு மாகாணங்களின் இரு அவைகளுக்கும் பெயரிட்டன. இரண்டு பிரிவுகளிலும் 'ரெஸ்பெக்டிவ்லி' இருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசமைப்புச் சட்டம் முதல் இடத்தில் அச்சொல்லைத் தக்கவைத்தது, இரண்டாம் இடத்தில் விட்டுவிட்டது. இதனால் பொருள் சிறிதும் மாறவில்லை.

மாறாததற்குக் காரணம் உண்டு. 'இரண்டு அவைகள்' என்னும் தொடரில் முதலாவது எது, இரண்டாவது எது என்ற வரிசையே கிடையாது. ஆகவே அங்கே அச்சொல் 'தனித்தனியே' என்ற பொருளை மட்டும் தருகிறது. இன்றைய ஆய்வேடுகளில் அதன் வேலை வேறு. முதலில் சொன்ன பட்டியலின் வரிசையிலேயே இரண்டாம் பட்டியலைப் பொருத்திக்கொள்க என்பதே இன்று அச்சொல் வாசகருக்கு இடும் கட்டளை. முதற்பொருளில் அச்சொல்லை நீக்கினாலும் வாக்கியம் நிற்கும். இரண்டாம் பொருளில் நீக்கினால் வாக்கியம் தடுமாறக்கூடும். தவறாகச் சேர்த்தால் பொய் சொல்லிவிடும்.

சொல்லின் வேரும் இதற்குத் துணை நிற்கிறது. 'திரும்பிப் பார்த்தல்' என்று பொருள்படும் இலத்தீன் வினையிலிருந்து பிறந்தது அது. மரியாதையைக் குறிக்கும் 'ரெஸ்பெக்ட்' என்ற சொல்லுக்கும் அதுவே வேர். ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் 'ரெஸ்பெக்டிவ்லி' என்பது 'மரியாதையுடன்' என்ற பொருளிலும் வழங்கியது. 'டைமன் ஆஃப் ஏதென்ஸ்' நாடகத்தில் அவ்வாட்சியைக் காணலாம். பின்னர் அப்பொருள் வழக்கொழிந்து, அந்த இடத்தை 'ரெஸ்பெக்ட்ஃபுல்லி' எடுத்துக்கொண்டது. எனவே விண்ணப்பக் கடிதத்தின் இறுதியில் இன்று 'ரெஸ்பெக்டிவ்லி' என்று எழுதுவது பிழை. திரும்பிப் பார்த்தல் என்ற கருத்து மட்டும் வரிசைப் பொருளில் உயிரோடு இருக்கிறது.

திரும்பிப் பார்க்கும் இந்த வேலைக்குரிய நிபந்தனையை இந்திய இலக்கண மரபு மிகப் பழங்காலத்திலேயே வகுத்துவிட்டது. பாணினியின் அஷ்டாத்தியாயியில் 1.3.10ஆம் சூத்திரம் அதற்கென்றே அமைந்தது. எண்ணிக்கையில் சமமான பட்டியல்கள் வரும்போது அவற்றின் உறுப்புகளை வரிசைப்படி ஒன்றுக்கொன்று பொருத்த வேண்டும் என்பது அதன் கருத்து. 6.1.77ஆம் சூத்திரத்தில் இதன் பயனைப் பார்க்கலாம். இ, உ முதலான நான்கு உயிர்கள், வேறோர் உயிர் பின்வரும்போது, ய, வ, ர, ல என்னும் நான்கு எழுத்துகளாகத் திரிகின்றன. எது எதுவாகத் திரியும் என்று சூத்திரம் தனித்தனியே சொல்வதில்லை, வரிசையே சொல்லிவிடுகிறது. அதனால்தான் 'ததி', 'அத்ர' சேர்ந்து 'தத்யத்ர' ஆகிறது. 'மது', 'அத்ர' சேர்ந்து 'மத்வத்ர' ஆகிறது. இங்கே கருத வேண்டிய சொல் 'சமமான' என்பது. எண்ணிக்கை ஒவ்வாத இடத்தில் இவ்விதி செயற்படாது.

தமிழ் மரபு இதனை நிரல்நிறை என்றது. தொல்காப்பியம் எச்சவியலில் சொல்லும் நான்கு பொருள்கோள்களில் அது முதலாவது. நன்னூலின் எட்டுப் பொருள்கோள்களிலும் அதற்கு இடமுண்டு. திருக்குறளின் இல்வாழ்க்கை அதிகாரத்தில் அன்பையும் அறத்தையும் பண்போடும் பயனோடும் பொருத்தும் குறள் இதற்குப் பெயர்பெற்ற சான்று. நன்னூல் இன்னும் ஒரு படி சென்று, நேர்வரிசையில் பொருந்துவதையும் எதிர்வரிசையில் பொருந்துவதையும் பிரித்துக் காட்டுகிறது. செய்யுளில் எதிர்வரிசைக்கு இடமுண்டு. 'ரெஸ்பெக்டிவ்லி' என்னும் சொல்லோ நேர்வரிசைக்கு மட்டுமே உரியது. இரண்டாம் பட்டியல் தலைகீழாகிவிட்டால் அச்சொல்லால் வாக்கியத்தைக் காப்பாற்ற முடியாது.

அச்சொல் வேண்டிய இடத்தில் இல்லாமற்போனால் என்ன நேரும் என்பதற்கும் அரசமைப்புச் சட்டமே சான்று தருகிறது. பொதுநலன் கருதி வணிகத்தின்மீது நியாயமான கட்டுப்பாடுகளை விதிக்க 304ஆம் உறுப்பு மாநிலச் சட்டமன்றத்துக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆனால் அந்நோக்கத்துக்கான 'சட்டமுன்வடிவோ திருத்தமோ' குடியரசுத் தலைவரின் முன்னனுமதியின்றி 'அறிமுகம் செய்யப்படவோ முன்மொழியப்படவோ' கூடாது என்று ஒரு வரம்புரை சேர்க்கப்பட்டிருக்கிறது. பெயர்கள் இரண்டு, வினைகள் இரண்டு. எந்த வினை எந்தப் பெயருக்கு உரியது என்று உரை வெளிப்படையாகச் சொல்லவில்லை.

ஒரு சட்டமுன்வடிவு அறிமுகமான பின்னரும் பல கட்டங்களைக் கடக்கிறது. அதனை ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளவும் நிறைவேற்றவும் தீர்மானங்கள் முன்மொழியப்படுகின்றன. 'முன்மொழிதல்' என்ற வினை சட்டமுன்வடிவையும் தழுவும் என்று கொண்டால், அக்கட்டங்களிலும் முன்னனுமதி வேண்டுமா என்ற கேள்வி எழும். கோடேஸ்வர் விட்டல் காமத் எதிர் ரங்கப்ப பாலிகா வழக்கில் இவ்வரம்புரையின் பொருளை உச்ச நீதிமன்றம் ஆராய்ந்தது. 1969ஆம் ஆண்டின் தீர்ப்புத் தொகுப்புகளில் வெளியான அத்தீர்ப்பு, 'அறிமுகம்' சட்டமுன்வடிவுக்கும் 'முன்மொழிதல்' திருத்தத்துக்கும் உரியவை என்று முடிவு செய்தது. 'ரெடெண்டோ சிங்குலா சிங்குலிஸ்' என்னும் இலத்தீன் பெயரால் சட்டத்துறையினர் அறியும் விதி இது. அதனதற்கு உரியதை அதனதற்கு அளித்தல் என்று பொருள்படும். வாளையோ துப்பாக்கியையோ உருவினால் அல்லது குண்டேற்றினால் தண்டனை என்று ஒரு சட்டம் சொன்னால், உருவுவது வாளை, குண்டேற்றுவது துப்பாக்கியில் என்று கொள்வதே சட்டநூல்கள் தரும் எடுத்துக்காட்டு. வாள் எடுத்துக்காட்டில் உலக அறிவு துணைக்கு வருகிறது. 304ஆம் உறுப்பில் அந்தத் துணை போதாமல் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது.

ஆய்வேட்டின் வாக்கியத்துக்குப் பொருள் சொல்ல எந்த நீதிமன்றமும் கூடுவதில்லை. எண்களுக்கும் பெயர்களுக்கும் இடையிலான உறவை உலக அறிவால் ஊகிக்கவும் இயலாது. ஆகவே 'ரெஸ்பெக்டிவ்லி' என்று எழுதுமுன், தமிழில் 'முறையே' என்று எழுதுமுன், சிலவற்றைச் சரிபார்த்துக்கொள்வது நலம்.

முதலாவது, பட்டியல்கள் இரண்டு இருக்க வேண்டும். 'இரு குழுக்களும் முறையே சோதிக்கப்பட்டன' என்ற வாக்கியத்தில் பொருத்துவதற்கு இரண்டாம் பட்டியல் இல்லை. 'தனித்தனியே' என்பதே அங்கே கருதப்பட்ட சொல்.

இரண்டாவது, எண்ணிக்கை சமமாக இருக்க வேண்டும். 'தில்லி, மும்பை, கொல்கத்தா ஆகிய நகரங்களின் தரவுகள் முறையே 2015, 2018ஆம் ஆண்டுகளில் திரட்டப்பட்டன' என்று ஒருவர் எழுதினால், மும்பையின் ஆண்டு எது என்று யாராலும் சொல்ல முடியாது.

மூன்றாவது, மதிப்புகள் வேறுபட வேண்டும். இரு குழுக்களிலும் 40 பேர் இருந்தால் 'தலா 40 பேர்' என்பதே தெளிவு. 'முறையே 40 பேர்' என்பது வாசகரை இல்லாத ஓர் எண்ணைத் தேட வைக்கும்.

நான்காவது, பட்டியல் நீளக் கூடாது. இரண்டு, மூன்று உறுப்புகள் வரை வாசகரின் நினைவு தாங்கும். ஐந்தாறு உறுப்புகள் வரும்போது அட்டவணையே நேர்மையான வடிவம்.

இடம் பற்றியும் ஒரு குறிப்பு. ஆங்கில ஆய்வுரைநடை 'ரெஸ்பெக்டிவ்லி'யைப் பெரும்பாலும் வாக்கியத்தின் இறுதியில், காற்புள்ளிக்குப் பின் வைக்கிறது. வாசகர் இரு பட்டியல்களையும் படித்து முடித்த பின்னரே கட்டளை வந்து சேர்கிறது. தமிழின் 'முறையே' இரண்டாம் பட்டியலுக்கு முன்னரே வந்து எச்சரிக்கிறது. 79ஆம் உறுப்பின் ஆங்கிலத்திலும் அச்சொல் பட்டியலுக்கு முன்னரே நிற்கிறது. எனவே தமிழ் வழக்கை ஒட்டி ஆங்கிலத்தில் முன்னே வைத்து எழுதுவது பிழையன்று. எங்கே வைத்தாலும், திரும்பிப் பார்க்கும் வாசகருக்கு எண்ணிக்கையும் வரிசையும் ஒத்த ஒரு பட்டியல் அங்கே இருந்தாக வேண்டும்.