முடிச்சுக்குக் கூலி, சேலைக்கு விலை

தோழர்களே, கிராமத்துப் பெண்களுக்கு மரபான கைத்தொழிலைக் கற்றுக்கொடுத்தால் வறுமை நீங்கும் என்கிறார்கள். நாகமலை அடிவாரத்தில் கூடியிருக்கும் நாம் முதலில் ஒன்றைக் கேட்போம். யாருடைய மரபு?

எங்கள் பாட்டிமார் பனையோலையில் பெட்டியும் கடகமும் முடைந்தார்கள். அதை யாரும் கலை என்று சொல்லவில்லை. களத்தில் அளந்து போட்ட நெல்தான் விலை. அளந்தவர் வைத்ததே அளவு.

மதுரைச் சுங்குடியைப் பாருங்கள். சௌராஷ்டிரர் வளர்த்த கலை. துணியைப் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்குவார்கள். கட்டிய இடத்தில் சாயம் ஏறாது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சுகள். போடுகிறவர்கள் வீட்டில் இருக்கும் பெண்கள். துணி, சாயம், கடை எல்லாம் வேறு கையில். அச்சுச் சுங்குடி வந்தபின் அந்த முடிச்சு வேலையும் சுருங்கிப்போனது. 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு பெயரைக் காக்கும், கூலியை நிர்ணயிக்காது. ஆனால், 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி, பொருளை உற்பத்தி செய்பவர் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாளராகப் பதிவு செய்ய விண்ணப்பிக்கலாம். முடிச்சுப் போடும் பெண்கள் குழுவாகச் சேர்ந்து அந்தப் பதிவேட்டில் ஏற வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்களுக்கு இன்னொரு அச்சமும் உண்டு. 1953இல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளி நேரத்தைக் குறைத்து, மீதிப் பொழுதில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்றது. குலக்கல்வி என்று பெரியார் இயக்கம் எதிர்த்தது. 1954இல் காமராசர் ஆட்சியில் திட்டம் கைவிடப்பட்டது. சாதி என்பது தொழில் பிரிவினை மட்டுமல்ல, தொழிலாளரைப் பிரிப்பது என்று 1936லேயே அம்பேத்கர் விளக்கிவிட்டார்.

2023இல் ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டம் 18 தொழில்களைப் பட்டியலிட்டது. செருப்புத் தைப்பவர், சலவை செய்பவர், கூடை, பாய், துடைப்பம் செய்பவர் எல்லாரும் அதில் உண்டு. குடும்பத் தொழில் என்ற நிபந்தனையும் உண்டு. தமிழ்நாடு அதை ஏற்காமல், 25 தொழில்களுக்குக் கலைஞர் கைவினைத் திட்டம் கொண்டுவந்தது. இதில் குடும்பத் தொழிலாக இருக்க வேண்டியதில்லை; குறைந்தபட்ச வயது 35. படிக்கும் வயதில் பிள்ளை தொழிலுக்குத் தள்ளப்படாது என்பதால் வரவேற்கிறோம். ஆனால், 30 வயதில் கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்பவள் ஐந்து வருடம் காத்திருப்பாளா?

கடகம் முடையத் தெரிந்தவள் முடையட்டும், தன் விலைக்கு. அவள் மகள் நாகமலைக்குப் பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்க நினைத்தால், ஓலையைக் கையில் கொடுத்து யாரும் அவளைத் திருப்பி அனுப்பக் கூடாது. குழுப் பதிவுக்கும் கடனுக்கும் மனு எழுத எங்களுக்கு ஆள் வேண்டும்; மாணவத் தோழர்கள் கூட்டம் முடிந்ததும் பெயர் கொடுங்கள்.