பிள்ளையைக் கூப்பிட்டால் குடும்பமே வரும்

ஞாயிற்றுக்கிழமை மாலை பேரங்காடிக்குப் போகும் ஒரு குடும்பத்தைக் கவனித்துப் பாருங்கள். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள். பணம் கொடுப்பவர் அப்பா. ஆனால் எங்கே சாப்பிடுவது என்று முடிவு செய்பவர் யார்? பல வேளைகளில் அந்த ஏழு வயதுப் பிள்ளைதான். பெற்றோர் செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லிவிடுவது சுலபம். அந்த அதிகாரத்தைப் பிள்ளையின் கையில் கொடுத்ததில் வணிகத்திற்கும் பெரும் பங்கு உண்டு. அதற்கு எழுபது ஆண்டுக்கு மேற்பட்ட வரலாறும் உண்டு.

தொடக்கத்தில் இவை குடும்பங்கள் விரும்பிப் போகும் இடங்களாக இருக்கவில்லை. அமெரிக்காவின் சான் பெர்னார்டினோ நகரில் ரிச்சர்ட், மொரிஸ் மெக்டோனல்ட் சகோதரர்கள் 1940இல் ஒரு கடை திறந்தார்கள். காரை நிறுத்தினால் பணிப்பெண்கள் தட்டேந்தி வந்து பரிமாறுவார்கள். கூடியவர்கள் பெரும்பாலும் இளவட்டங்கள். சாப்பிட்டு முடித்தும் நகரமாட்டார்கள், அரட்டை ஓயாது, தட்டும் கரண்டியும் காணாமல் போகும். பிள்ளைகுட்டிக்காரர்கள் ஒதுங்கிப் போனார்கள்.

1948இல் சகோதரர்கள் கடையை மூன்று மாதம் மூடினார்கள். பணிப்பெண்களை நிறுத்தினார்கள். தட்டும் கரண்டியும் போய், காகித உறை வந்தது. உணவுப் பட்டியல் ஒன்பது வகையாகச் சுருங்கியது. ஒரு ஹம்பர்கரின் விலை 15 காசு. மறுபடி திறந்தபோது வியாபாரம் படுத்துவிட்டது. சில மாதங்கள் பொறுத்துக்கொண்ட பிறகுதான் புதிய கூட்டம் ஒன்று வரத் தொடங்கியது. சாதாரணத் தொழிலாளி ஒருவர் மனைவி மக்களை அழைத்து வந்து வயிறாரச் சாப்பிட வைக்கும் விலை அது.

1955இல் சிகாகோவுக்கு அருகே டெஸ் பிளெய்ன்ஸில் தமது முதல் கிளையைத் திறந்த ரே குரோக், இந்தப் பாடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார். பாட்டுப் பெட்டி கூடாது. சிகரெட் இயந்திரம் கூடாது. பொதுத் தொலைபேசி கூடாது. எல்லாம் இளைஞர்கள் வந்து குந்திவிடக் கூடாது என்பதற்காக. 1960களின் பிற்பகுதி வரை பெண்களை வேலைக்கு வைப்பதையே தவிர்த்தார்கள்; இன்று கேட்டால் வேடிக்கையாக இருக்கும். கிளைக்கு இடம் தேடும்போது புறநகர்களில் தேவாலயமும் பள்ளிக்கூடமும் எங்கே இருக்கின்றன என்று பார்த்தார்கள்.

குடும்பத்தோடு வியாபாரம் செய்வதில் ஒரு சிக்கல் உண்டு. ஆறு பேரில் ஒருவர் "எனக்கு இங்கே ஒன்றும் ஆகாது" என்றால், ஆறு பேரும் வேறு கடைக்குப் போய்விடுவார்கள். சின்சினாட்டியில் கிளை நடத்திய லூ குரோன் இதை நேரில் அனுபவித்தார். கத்தோலிக்கர்கள் நிறைந்த வட்டாரம் அது. வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி சாப்பிடமாட்டார்கள். கல்லாப் பெட்டி காலி. மீன் பர்கர் விற்கலாம் என்றார் அவர். குரோக்கிற்கோ அன்னாசித் துண்டும் சீஸும் வைத்த பர்கரில்தான் ஆசை. 1962இல் ஒரு பெரிய வெள்ளியன்று இரண்டையும் விற்றுப் பார்த்தார்கள். மீன் 350 விற்றது. அன்னாசி வெறும் ஆறு. முதலாளியின் நாக்கு தோற்றது.

மாட்டிறைச்சி தொடாத தாத்தா பாட்டியோடு போகும் நம் குடும்பங்களில் பலவும் அந்த மீனையும் கோழியையும் நம்பித்தான் உள்ளே நுழைந்தன. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஹலால் சான்றிதழ் வாங்கியதற்கும், சீனப் பெருநாளுக்கென்று தனி பர்கர் போட்டதற்கும் பின்னால் இருப்பது அதே கணக்குதான்.

குடும்பத்தில் எல்லாரும் சாப்பிட ஏதாவது இருக்கிறது. சரி, அவர்களை இழுத்து வருவது யார்? 1963இல் வாஷிங்டன் வட்டாரக் கிளைக்காரர்கள் ஒரு கோமாளியைத் தொலைக்காட்சியில் இறக்கினார்கள். வேடம் போட்டவர் வில்லர்ட் ஸ்காட். அதற்குமுன் அவர் நடித்த போஸோ கோமாளி நிகழ்ச்சி நின்றுபோயிருந்தது. அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளைக் கைவிட மனமில்லாமல் பிறந்தவர்தான் ரோனல்ட் மெக்டோனல்ட். 1971இல் ஒரு விளம்பரம் பெரியவர்களைப் பார்த்து, இன்றைக்கு உங்களுக்கு ஓய்வு வேண்டாமா என்று கேட்டது. குவாத்தமாலாவில் யோலாண்டா டி கோஃபின்யோ என்ற பெண்மணி பிள்ளைகளுக்கெனச் சிறிய அளவில் ஒரு தொகுப்பை அமைத்தார். அது போன்ற யோசனைகள் வளர்ந்து, 1979இல் பொம்மையோடு கூடிய ஹேப்பி மீல் பெட்டி அமெரிக்கா முழுவதும் வந்தது. பெட்டி பிள்ளைக்கு, உடன் வரும் பெரியவர்கள் வாங்குவது முழு விலைச் சாப்பாடு. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுப்பதற்கில்லை.

இந்தப் பக்கத்தில் முதலில் வந்தது ஏ அண்ட் டபிள்யூ: 1963இல் கோலாலம்பூர், 1966இல் சிங்கப்பூர். 1973இல் கேஎஃப்சி கோலாலம்பூரில் கடை போட்டது. மெக்டோனல்ட்ஸ் 1979இல் சிங்கப்பூரின் லியட் டவர்ஸிலும், 1982இல் புக்கிட் பிந்தாங்கிலும் கால் வைத்தது. தோசைக் கடையில் பிள்ளை ஓடியாடினால் அதட்டல் விழும். இங்கே ஓடியாடவே இடம், காகிதத் தொப்பி, பிறந்தநாள் விருந்து. பிள்ளை எந்தப் பக்கம் சாயும்?

பெரியவர்களை மட்டும் தனியாகப் பிடிக்க முயன்றபோது என்ன ஆனது? 1996இல் ஆர்ச் டீலக்ஸ் என்ற பர்கரை அமெரிக்காவில் அறிமுகப்படுத்தினார்கள். மிளகு சேர்த்த பன்றி இறைச்சி, கடுகுக் குழம்பு, உருளைக்கிழங்கு மாவு ரொட்டி. விளம்பரத்தில் பிள்ளைகள் அதைப் பார்த்து முகம் சுளித்தார்கள். இது வளர்ந்தவர்களுக்கு மட்டும் என்று பொருள். பத்துக் கோடி டாலருக்கு மேல் செலவழித்தும் ஒட்டவில்லை. பிள்ளைகளை முகம் சுளிக்க வைத்துவிட்டுப் பெற்றோரை மட்டும் கூப்பிட்டால் எப்படி வருவார்கள்?

நான்கே ஆண்டுகளில், 2000ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சிங்கப்பூரில் இதற்கு நேர்மாறான காட்சி. மணக்கோல ஹலோ கிட்டி பொம்மைகளை உணவுத் தொகுப்போடு விற்றார்கள். விடிய விடிய வரிசை. பூன் கெங் கிளையில் கண்ணாடிக் கதவு உடைந்து சிலர் காயமடைந்தார்கள். வரிசையில் நின்றவர்களில் வேலைக்குப் போகும் பெரியவர்கள் ஏராளம். பொம்மையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டை விட்டுப் போனவர்களும் உண்டு. பெரியவர்களுக்கென்று தயாரித்த பர்கர் சாதிக்காததை, ஒரு பூனைப் பொம்மை சாதித்துவிட்டது.

அரசாங்கங்களும் சும்மா இருக்கவில்லை. சிறுவர் நிகழ்ச்சிகளின்போது துரித உணவு விளம்பரம் காட்டக்கூடாது என்று மலேசியா 2007இல் அறிவித்தது. 2015இல் சிங்கப்பூரிலும் பிள்ளைகளைக் குறிவைக்கும் உணவு விளம்பரங்களுக்கு வரையறை வந்தது. ஆனால் வீட்டில் பிள்ளைகள் பார்ப்பது சிறுவர் நிகழ்ச்சிகளை மட்டுமா? அம்மா பார்க்கும் நாடகத்தின் இடைவேளையில் வரும் விளம்பரத்தை மடியில் படுத்திருக்கும் பிள்ளையும் பார்க்கிறது.

2022 அக்டோபரில் அமெரிக்கக் கிளைகளில் ஒரு புதிய பெட்டி வந்தது. பர்கர், உருளைக்கிழங்கு வறுவல், பானம். கூடவே ஒரு பொம்மை. ஹேப்பி மீல் பெட்டியைப் போலவேதான், ஆனால் பெரியவர்களுக்கு. வாங்கத் திரண்டவர்களில் பலர், 1980களிலும் 1990களிலும் அப்பாவின் கையைப் பிடித்து அதே கடைக்குள் இழுத்துப் போனவர்கள்.