கடற்சீட்டும் கற்பிட்டித் துறையும்

புத்தளக் கரையின் வரலாறு பெரிதும் வாணிகத்தின் வரலாறேயாகும். கற்பிட்டித் தீபகற்பத்திற்கும் பெருநிலத்திற்கும் இடையே அமைதியான களப்பு ஒன்று பரந்து கிடக்கிறது. உப்பும் கருவாடும் பாக்கும் துணியும் அரிசியும் அதன் வழியே நெடுங்காலம் போய்வந்தன. 1344ஆம் ஆண்டில் மொரோக்கோ நாட்டுப் பயணி இபுன் பதூதா இக்கரையில் இறங்கி ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டார். அம்மன்னனுக்குக் கடலிற் கலங்கள் பல இருந்தன. ஆயினும் திறந்த கடலில் செல்வதற்கே சீட்டு வேண்டும் என்னும் வழக்கம் அந்நாளைய இந்துமாக்கடலில் இல்லை.

அவ்வழக்கத்தைப் புகுத்தியவர் போர்த்துக்கேயர். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவர்கள் வழங்கத் தொடங்கிய சீட்டுக்குக் ‘கார்த்தாஸ்’ என்று பெயர். காகிதத்தைக் குறிக்கும் அரபுச் சொல்லின் திரிபே அது. கலத்தின் பெயர், தலைவன் பெயர், கொள்ளளவு, ஆயுதங்கள், செல்லும் துறை ஆகிய யாவும் அதில் எழுதப்பட்டன. ஒருவர் பெற்ற சீட்டை மற்றொருவர் காட்டித் தப்புதல் ஆகாது என்பதே இத்துணை விவரத்தின் நோக்கம். சீட்டு ஒரு பயணத்திற்கோ குறித்த காலத்திற்கோ மட்டுமே செல்லும். சீட்டில்லாத கலமும், சீட்டின் விதி மீறிய கலமும் சரக்கோடு பறிமுதலாயின.

சீட்டின் விலை சிறிதே. ஆனால் அதைப் பெறுவோர் போர்த்துக்கேயர் துறையை அடைந்து சுங்கம் செலுத்துதல் வேண்டும். காலம் முடிந்ததும் மீண்டும் அவர்களையே நாடவேண்டும். ஆகவே ஆதாயம் சீட்டில் இல்லை. அதைப் புதுப்பிப்பதில் இருந்தது. பருவக்காற்றை நம்பிப் பாய் விரிப்போருக்கு இஃது எத்துணை இடர் என்பதை நேயர்கள் எளிதில் உணர்வர். காற்று தாமதிக்கலாம், சீட்டின் கெடு தாமதிப்பதில்லை.

ஒல்லாந்தர் 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றினர். சீட்டு முறையையும் கைவிடாது காத்தனர். 1667இல் தொடங்கி 1676இல் முடித்த கற்பிட்டிக் கோட்டை, களப்பின் வாயிலைக் காக்கும் பூட்டாக அமைந்தது. கண்டி மன்னர் வெளியுலகோடு வாணிகம் செய்த துறைகளுள் புத்தளம் ஒன்று. அங்கே செல்லும் தோணிகள் இக்கோட்டையின் கண்ணுக்குத் தப்புதல் அரிதாயிற்று. 1766ஆம் ஆண்டு உடன்படிக்கையால் கண்டி அரசு தன் கரை முழுவதையும் இழந்தது. 1795இல் கற்பிட்டி ஆங்கிலேயர் கைக்கு மாறிற்று.

இம்முறையின் சாயலை இன்றைய இணையச் செயலிகளிலும் காணலாம். ஒருவர் கடவுச்சொல்லைக் காட்டி உள்ளே நுழைந்ததும் அவருக்கு ‘அணுகல் டோக்கன்’ ஒன்று வழங்கப்படுகிறது. அதன் ஆயுள் சில நிமிடமோ சில மணியோ ஆகும். பிறர் களவாடினும் நெடுநாள் பயன்படலாகாது என்பதே காரணம். கெடு கடந்த டோக்கனைச் சேவையகம் 401 என்னும் குறியீட்டுடன் மறுக்கிறது. உடனே செயலி, தன்னிடம் மறைவாக உள்ள ‘புதுப்பிப்பு டோக்கனை’ வழங்குமிடத்தில் காட்டிப் புதியதொன்றைப் பெற்று, மறுக்கப்பட்ட வேண்டுகோளை மீண்டும் அனுப்புகிறது. பயனர் மறுபடி கடவுச்சொல் இடவேண்டுவதில்லை. 2012இல் வெளிவந்த ஓஆத் 2.0 நெறி இவ்வொழுங்கை வகுத்துரைக்கிறது. பழைய புதுப்பிப்பு டோக்கன் மீண்டும் காட்டப்படின், களவு நேர்ந்தது எனக் கருதி அவ்வழியே பெற்ற உரிமை அனைத்தையும் நீக்கும் ஏற்பாடும் உண்டு.

இரண்டும் வடிவில் ஒன்றே, அறத்தில் வேறு. இன்றைய டோக்கன் பயனரின் உடைமையைப் பயனருக்காகவே காக்கிறது. அன்றைய கடற்சீட்டோ, வழங்கியவனுக்கு உரிமையில்லாத கடலை அவனுடையதாக்கிற்று. சீட்டு எத்தனை நாள் செல்லும் என்பதைவிட, அதை வழங்கும் உரிமை எவரிடமிருந்து வந்தது என்பதே பெரிய வினா. களப்பை நோக்கி இன்றும் நிற்கும் கற்பிட்டிக் கோட்டை அவ்வினாவை நினைவூட்டுகிறது.