தேய்மானம் பூஜ்ஜியமாகாது

டெல்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் 1985 முதல் சும்மா கிடந்த காமாக் கதிர்வீச்சுக் கருவி ஒன்று, 2010 பிப்ரவரியில் ஏலம் போனது. மாயாபுரி காயலான் கடையில் உடைத்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒரு வியாபாரி ஒரு துண்டைப் பர்ஸில் வைத்திருந்தார். பலர் ஆஸ்பத்திரியில் சேர்ந்தார்கள், ஒருவர் இறந்தார்.

பி.காமில் படித்த தேய்மானக் கணக்குதான் இது. கோபால்ட்-60 சுமார் 5.27 ஆண்டுக்கொரு முறை பாதியாகும்; பூஜ்ஜியமாகாது. அந்த 25 ஆண்டுகளில் 27-இல் ஒரு பங்காகக் குறைந்திருக்கும். அந்த மிச்சமே உயிரைப் பறித்தது.

கதிர்வீச்சு கண்ணுக்கும் மூக்குக்கும் தெரியாது; அளக்கும் கருவிக்குத்தான் தெரியும். அனுமந்தையில் பழைய இரும்பு போடும்போது மூன்று இதழ்ச் சின்னம் தென்பட்டால் தொடாதீர்கள்; விலகி நின்று காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள்.